துப்புரவுப் பணியாளருக்கும் ஒரு லைசென்ஸ்

200 பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதுபவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் கணக்கெழுதுகிறவர்கள், டிரைவர்கள், காவலாளிகள், படிக்கட்டைப் பெருக்குகிற அம்மாள். ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவாவுக்குச் சந்தா கட்ட வேண்டி வந்தால் எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும்? நான்கு பேருக்கல்ல, 200 பேருக்கும்.

2023 ஜனவரியில் ஆரக்கிள் கொண்டுவந்த விதி இது. ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தலைக்கு மாதம் 15 டாலர். பகுதி நேர ஊழியர்கள், தற்காலிக ஊழியர்கள், அலுவலக வேலைக்கு உதவும் காண்ட்ராக்டரின் ஆட்கள் என எல்லோரும் அந்தத் தலைக்கணக்கில் சேர்த்தி. நம் கம்பெனிக்கு ஆண்டுக்கு 36,000 டாலர், அதாவது 30 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் கோவையிலோ மதுரையிலோ புதிதாகப் படித்துவிட்டு வரும் பல இளைஞர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்துவிடலாம்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓப்பன்ஜேடிகே இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஜாவா உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சம்பளப் பட்டியல் மென்பொருள் புதியதில் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், நாளும் வேண்டும். பெரிய நிறுவனங்களிடம் இரண்டும் உண்டு. சிறியவர்கள்தான் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள்.

சிறியவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்கள் உள்ளூர் வாடிக்கையாளரிடம் ரூபாயில் விலை பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். கருவிக்கோ டாலரில் அழுகிறார்கள். 1995இன் தொடக்கத்தில் 31 ரூபாயாக இருந்த டாலர், 2024 முடிவில் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் விலையே ஏறாவிட்டாலும் இங்கே ஏறும்.

1983இல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்குத் தபாலில் விற்றது. எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற காலம் அது. மலிவு விலைதான் போர்லாண்டைத் தூக்கி நிறுத்தியது. அந்தப் பரம்பரையில் வந்த டெல்ஃபியின் தொழில்முறைப் பதிப்பு இன்று ஆயிரம் டாலருக்கு மேல். 2018இல் ஓர் இலவசப் பதிப்பு வந்தது. ஆனால் ஆண்டு வருமானம் 5,000 டாலரைத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது. மாதம் 420 டாலர் சம்பாதிப்பவரைத் தொழிலதிபராகப் பார்க்கும் கணக்கு!

இந்தியாவில் இந்தப் பிரச்சினைக்கு வெகுகாலம் ஒரு சுலபமான தீர்வு இருந்தது: திருட்டு சி.டி. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் சிறை என்று 1994இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் அந்த வியாபாரம் ஓய்ந்துவிடவில்லை. நேர்மையான மாற்று வழி லினக்ஸ். கம்பைலர்களும் அதோடு இலவசமாகவே கிடைக்கும். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி. உமாசங்கர், 2006-07 வாக்கில் அந்த அரசு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்றிக் காட்டினார். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலோ விண்டோஸ் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

விலையைவிட அதிகமாகக் கோபமூட்டுவது, பாதி வழியில் விதியை மாற்றுவது. கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்க உதவும் யூனிட்டி, 2023 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வருமானமும் பதிவிறக்கமும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அடுத்த ஜனவரி முதல் ஒவ்வொரு புதுப் பதிவிறக்கத்துக்கும் 20 சென்ட் வரை கப்பம். ஏற்கெனவே வெளியாகிச் சந்தையில் இருந்த விளையாட்டுகளும் இதில் அடக்கம். வருடக்கணக்காக உழைத்து முடித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பத்தே நாளில் யூனிட்டி பின்வாங்கத் தொடங்கியது. அக்டோபரில் தலைமை நிர்வாகி ஜான் ரிக்கிட்டெல்லோ விலகினார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணமே ரத்தானது. கூடவே புரோ பதிப்பின் சந்தா 8 சதவீதம் ஏற்றப்பட்டது. அதற்கு யாரும் தெருவுக்கு வரவில்லை. முன்கூட்டித் தெரிகிற விலையைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள்.

டெராஃபார்ம் விஷயத்தில் நடந்தது வேறு. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் அதன் திறந்த லைசென்சை மாற்றியதும், பயன்படுத்தியவர்கள் பழைய நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன்டோஃபு என்று தனிக்குடித்தனம் போனார்கள். அடுத்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளை அதற்கு இடம் கொடுத்தது.

இலவசக் கருவியையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பராமரிக்க வேண்டியிருக்கிறது. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, 2024 அக்டோபரில் அத்தகையவர்களுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஒரு திட்டத்துக்கு 10,000 டாலர் முதல் ஒரு லட்சம் டாலர் வரை கிடைக்கும். லைசென்ஸ் கட்டணம் என்று யாரும் பில் அனுப்பாமலே கொடுக்கிற பணம் அது.