வீட்டுக் கோப்பு வழங்கி: எதற்குச் செலவிடுவது?

நண்பர் ஒருவர் ரிச்சித் தெருவுக்குப் புறப்படும் முன் தாம் வாங்கவிருக்கும் பொருள்களின் பட்டியலை எனக்கு அனுப்பிவைத்தார். வீட்டில் ஒரு கோப்பு வழங்கி அமைக்கும் எண்ணம் அவருக்கு. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த சிற்றிதழ்களை ஒவ்வொரு பக்கமாக வருடியில் இட்டுப் படமாக்கி வருகிறார். தந்தையார் எழுதிய கடிதங்களும், இரண்டு தலைமுறை நிழற்படங்களும் அவற்றோடு சேரும். பட்டியலில் எட்டு உட்கருக்கள் கொண்ட செயலி, 64 ஜிபி நினைவகம், கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்குகளும் கொண்ட பெட்டி என்று விரிவான விவரங்கள். கடைசி வரியில், ஏதோ மறந்துபோய்ச் சேர்த்ததைப் போல, 16 டெராபைட் வன்தட்டு ஒன்று. ஒன்றே ஒன்றுதான்.

இப்பட்டியலைத் தலைகீழாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் வட்டத்தில் இவ்வேலையில் இறங்கியிருப்பவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

முதலில் செயலியை எடுத்துக்கொள்வோம். கோப்பு வழங்கியின் வேலை கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பதும், கொடுத்த கோப்பை வாங்கி வைப்பதுமே. வீடுகளில் வழக்கமாக உள்ள கிகாபிட் வலைக்கம்பி வழியே நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. இன்றைய சாதாரண வன்தட்டு ஒன்று தனியாகவே அதைவிட விரைவாகப் படிக்கவும் எழுதவும் வல்லது. எனவே நெரிசல் கம்பியில்தான். செயலி பெரும்பொழுதும் கைகட்டி நிற்கும். அலுவலகம் கழித்துக் கட்டிய பத்தாண்டுப் பழைய மேசைக்கணினி இவ்வேலைக்குத் தாராளம். அதில் பார்க்க வேண்டியது மின்செலவு. சும்மா இருக்கும்போது 60 வாட் உண்ணும் கணினி, இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 43 யூனிட் வாங்கும். 15 வாட்டில் அடங்கும் சிறு கணினியாக இருந்தால் 11 யூனிட். ஐந்தாறு ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் இந்த வேறுபாட்டில் ஒரு வன்தட்டு வாங்கிவிடலாம்.

இனி இடம். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் நுணுக்கத்தில் வண்ணத்தில் வருடினால், சுருக்காத நிலையில் அது 26 மெகாபைட். நூறு பக்க இதழ் 2.6 ஜிகாபைட். ஆயிரம் இதழ்கள் சேர்ந்தால் 2.6 டெராபைட். இழப்பின்றிச் சுருக்கினால் இன்னும் குறையும். நண்பரிடம் இருப்பவை ஆயிரத்துக்கும் குறைவான இதழ்கள். அவற்றுட் பெரும்பாலானவை ஏ4 தாளினும் சிறியவை. ஆக அவருக்கு 16 டெராபைட் தேவையே இல்லை. அதற்குப் பதில் 4 டெராபைட் தட்டுகள் மூன்று தேவை. இரண்டு வழங்கிக்குள், ஒன்று வீட்டுக்கு வெளியே.

ஏன் இரண்டு என்று கேட்பவர்கள் குறைவு. ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆயினும் பழுது எவ்வளவு இயல்பானது என்பதை நாம் உணர்வதில்லை. 2007-இல் பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் என்னும் ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் வன்தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்தனர். தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கொண்டு கணக்கிட்டால் ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் பழுதாகக் கூடாது. ஆனால் நடைமுறையில் 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்ற நேர்வதே வழக்கமாக இருந்தது. அதே ஆண்டில் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தட்டு தன் உடல்நிலையைத் தானே கண்காணித்துச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகளில் மிக முக்கியமான நான்கிலும் எவ்வித எச்சரிக்கையும் தராமலே, பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை செத்துப்போயின. ‘சத்தம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பவர்கள் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இரண்டு தட்டுகளிலும் ஒன்றையே எழுதுவதைக் கண்ணாடிப் பிரதி என்பர். ரெய்டு முறைகளுள் எளியது இதுவே. (1988-இல் பெர்க்லியிலிருந்து வந்த மூலக் கட்டுரை, பெரிய விலையுயர்ந்த தட்டு ஒன்றுக்கு ஈடாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்ப்பது பற்றியதுதான். அந்தச் சிக்கனத்தை இன்று விற்பனையாளர்கள் மறக்கடித்துவிட்டார்கள்.) மூன்று நான்கு தட்டுகளைச் சேர்த்து இடத்தை மிச்சப்படுத்தும் ஐந்தாம் வகை ரெய்டைப் பலர் பரிந்துரைப்பார்கள். வீட்டுக்கு நான் அதை ஏற்கமாட்டேன். ஒரு தட்டு போனபின் அதை மீட்டெழுத எஞ்சிய எல்லாத் தட்டுகளையும் முழுவதுமாகப் படித்தாக வேண்டும். அந்த நீண்ட மணிநேரங்களில்தான் அடுத்த பழுதுக்கு நாம் இடங்கொடுக்கிறோம். கண்ணாடிப் பிரதியில் மீட்பு என்பது ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதுவது மட்டுமே.

ஆனால் இரண்டு பிரதிகள் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணுவோரிடம்தான் எனக்குப் பெரிய வழக்கு. நாமெல்லாம் பாடபேதம் பார்த்துப் பழகியவர்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது பல ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டே பாடத்தை நிறுவினார். ஏடுகள் இரண்டு மட்டுமே கிடைத்து, ஒன்றில் ஒரு சொல்லும் மற்றொன்றில் வேறு சொல்லும் இருந்தால் எதைக் கொள்வது? பதிப்பாசிரியருக்கு யாப்பு துணை நிற்கும், உரையாசிரியர் துணை நிற்பார். வன்தட்டுக்கு அப்படி யாருமில்லை. காலப்போக்கிலோ கம்பிப் பழுதாலோ ஒரு தட்டில் ஓரிடத்தில் சில பிட்டுகள் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு பிழை என்று சொல்லாது. மாறியதையே நம்பிக்கையோடு எடுத்துத் தரும். எளிய கண்ணாடி முறைக்கு இரண்டில் எது மூலம், எது சிதைவு என்று அறிய வழியில்லை. கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிடும்.

இவ்விடத்தில்தான் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். சன் மைக்ரோசிஸ்டம்சில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் முதலியோர் உருவாக்கி, 2005-இல் மூலநிரலோடு வெளிவந்தது. இன்று ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் லினக்சிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணைத் துண்டோடு சேர்த்து வைக்காமல், அதைச் சுட்டும் மேல்துண்டில் வைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் அடுத்த தட்டிலுள்ள பிரதியை எடுத்துச் சோதித்து, சரியாயிருந்தால் அதைத் தருவதோடு கெட்டதையும் திருத்தி எழுதிவிடுகிறது. மாதமொருமுறை எல்லாவற்றையும் ஓட்டிச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. பத்தாண்டுகளாக யாரும் திறக்காத இதழின் நாற்பதாம் பக்கமும் அப்போது படிக்கப்படும். நம் சேகரிப்பில் பெரும்பகுதி யாரும் திறக்காதவைதானே! பிடிஆர்எஃப்எஸ் முறைமையிலும் கண்ணாடிப் பிரதி அளவில் இவ்வசதி உண்டு. கட்டளை வரியை அஞ்சுவோர் ட்ரூநாஸ் போன்ற ஆயத்தத் தொகுப்புகளை நிறுவிக்கொள்ளலாம். உலாவி வழியாகவே எல்லாம் நடக்கும்.

இசட்எஃப்எஸ்ஸுக்கு மிகுந்த நினைவகம் வேண்டும், பிழைதிருத்தும் ஈசிசி நினைவகம் இன்றி அதைத் தொடவே கூடாது என்றெல்லாம் ஒரு பயம் பரவியிருக்கிறது. ஈசிசி கிடைத்தால் நல்லது, வாங்குங்கள். கிடைக்கவில்லை என்பதற்காக, சரிபார்ப்பே இல்லாத கோப்பு முறைமைக்குத் திரும்புவதில் எந்த நியாயமும் இல்லை. ஈசிசி இன்மையால் வரும் தீங்கு எல்லாக் கோப்பு முறைமைக்கும் பொதுவானது. ஒரு வீட்டுக்கு 8 ஜிபி நினைவகம் போதும்.

தட்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எஸ்எம்ஆர் என்னும் முறையில் செய்யப்பட்ட தட்டுகள் உண்டு. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைப்போல், பதிவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதுவது இம்முறை. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்துத் திரும்ப வேய வேண்டும் அல்லவா? அப்படித்தான் இங்கும். ஒருமுறை எழுதி வைத்துவிடும் வேலைக்குக் குற்றமில்லை. பழுதான தட்டுக்குப் பதிலாக இட்டு மீட்டெழுதும்போது இழுத்துக்கொண்டே போகும், சில நேரம் தோற்றும்விடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான தட்டுகள் சிலவற்றில் இம்முறையைக் கையாண்டிருப்பதை ஒப்புக்கொண்டது. வீட்டு வழங்கிகளுக்கென்றே விற்கப்பட்ட வரிசை அது! பின்னர் பழைய முறைத் தட்டுகளை ‘ரெட் பிளஸ்’ எனப் பிரித்தார்கள். ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாமல், விவரத்தாளில் சிஎம்ஆர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள். இரண்டு தட்டுகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒரே பொதியிலிருந்து வந்தவை ஒரே குறையைச் சுமந்திருக்கலாம்.

இவ்வளவும் செய்தவன் நான். செய்தும் இழந்தேன்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒப்பாரி பாடும் பெண்களிடம் உட்கார்ந்து பதினொரு ஒலிநாடாக்கள் பதிவுசெய்திருந்தேன். 2008-இல் அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஆயத்தமாகக் கிடைத்த இரட்டைத் தட்டுப் பெட்டி ஒன்றில் வைத்தேன். பெட்டியில் எக்குறையும் இல்லை. 2012-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றே இருமுறை இருக்கும் கோப்புகளைக் களையெடுக்கிறேன் என்று அமர்ந்து, தவறான அடைவை அழித்தேன். கண்ணாடிப் பிரதி தன் கடமையைச் செய்தது; இரண்டு தட்டுகளிலும் ஒரே நொடியில் அழித்தது. பல வாரம் கழித்தே அதை அறிந்தேன். அதற்குள் அந்த இடத்தில் வேறு கோப்புகள் எழுதப்பட்டுவிட்டன. நாடாக்களை எடுத்துப் பார்த்தால் பூசணம் பிடித்திருந்தன. மூன்று நாடாக்களின் ஒலி மட்டும் தப்பியது. நாட்டுப்புறவியல் படிக்கும் நண்பர் ஒருவர் எப்போதோ கேட்டார் என்று டிவிடியில் எழுதிக் கொடுத்திருந்ததே காரணம். மற்ற எட்டில் பாடியவர்களுள் இன்று ஒருவரும் உயிரோடில்லை.

ரெய்டு என்பது தட்டுப் பழுதிலிருந்து மட்டும் காக்கும். கைத்தவறு, நச்சுநிரல், திருட்டு, இடி, வெள்ளம் எதிலிருந்தும் காக்காது. கைத்தவறுக்கு மருந்து இசட்எஃப்எஸ்ஸிலேயே இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எனப்படும் கணநேரப் பதிவு அது. நாள்தோறும் தானே ஒன்று எடுக்குமாறு அமைத்து, ஆறு மாதப் பதிவுகளை வைத்துக்கொண்டால், சென்ற வைகாசியில் அழித்ததை ஐப்பசியில் திரும்ப எடுக்கலாம். மாற்றங்களுக்கு மட்டுமே இடம் பிடிக்கும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு ஏறத்தாழச் செலவில்லாதது. வெள்ளத்துக்கு அந்த மருந்து பயன்படாது. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களில் நீர் புகுந்தபோது, மேசைக்கடியில் இருந்த கணினிக்குள் எத்தனை தட்டுகள் இருந்தாலும் எல்லாம் ஒரே நீரில்தான் மூழ்கின.

ஆதலால்தான் மூன்றாவது தட்டு. இதற்குச் சிறப்பான வன்பொருள் ஒன்றும் வேண்டா. யூஎஸ்பி வழியே செருகும் வெளித்தட்டு போதும், எஸ்எம்ஆர் ஆனாலும் குற்றமில்லை. எஸ்எஸ்டி மட்டும் வேண்டா. மின்சாரமின்றி நெடுநாள் அலமாரியில் கிடப்பதற்கு அது ஏற்றதன்று. ஆண்டுக்கு இருமுறை எல்லாவற்றையும் அதில் எழுதி, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்துவிட வேண்டும். வைக்குமுன் நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். மேகச் சேமிப்பு இருக்கிறதே என்பார்கள். வசதி உள்ளவர்கள் அதையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். மாதக்கட்டணம் நின்ற பிறகும் நம் இதழ்கள் அங்கே இருக்கும் என்று எண்ணி அதை மட்டுமே நம்பியிருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

மின்தடைக்கு ஒரு யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள். மின்கலம் தீரும் நிலையில் வழங்கிக்குச் செய்தி சொல்லி அதை முறையாக அணையச் செய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு ஆகும் பணம் இதற்குச் சரியாக இருக்கும்.

நண்பர் பட்டியலைத் திருத்திவிட்டார். பழைய மேசைக்கணினி ஒன்றைக் குறைந்த விலையில் பிடித்து, இரண்டு கடைகளில் இரண்டு தட்டுகள் வாங்கினார். மூன்றாவது, தஞ்சாவூரில் அவர் தங்கையின் வீட்டு இரும்புப் பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது எடுத்து வந்து புதுப்பிப்பதாகத் திட்டம். அதை மறையாக்கம் செய்து கடவுச்சொல் இட்டிருப்பதாகப் பெருமையுடன் சொன்னார். அச்சொல் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே அதை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுத் தங்கைக்குப் பதிவஞ்சலில் அனுப்பியதாகப் பிறகு அறிந்தேன்.