வடிகாலையும் போற்றுவோம்

இதயத்துக்கு நான்கு அறைகள் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. தமனி, சிரை என்று படம் வரைந்து மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். ஆனால் நிணநீர் நாளங்களைத் 'தேர்வில் வராது' என்று தள்ளிவிட்ட மாணவிகளில் நானும் ஒருத்தி. அது தவறு என்பதை என் தாத்தாவின் நோய் எனக்கு உணர்த்தியது.

சென்ற ஆண்டு அவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவர்கள் அடைப்பை நீக்கி இரத்தம் ஓடச் செய்தார்கள். 'இனிக் கவலையில்லை' என்று மகிழ்ந்தோம். மாதங்கள் சென்றும் அவரால் முன்போல் மாடிப்படி ஏற முடியவில்லை. "எழுந்து நடங்கள் தாத்தா, சோம்பல் கூடாது" என்று நான்கூடக் கடிந்துகொண்டேன். அடைப்பு நீங்கிய பின்னும் இதயம் தேற ஏன் இத்தனை நாள்? இக்கேள்வியே என்னைப் படிக்கத் தூண்டியது.

நிணநீர் நாளங்களின் அருமையை மேற்கு மாம்பலத்துப் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு காலத்தில் எங்கள் பகுதி கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பெயர்போனது. கொசு பரப்பும் புழு இந்நாளங்களில் தங்கி அவற்றைக் கெடுக்கிறது. நீர் வடிய வழியின்றிக் கால் வீங்குகிறது. திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பதே இந்நாளங்களின் பணி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர்!

இதயத்திலும் இவ்வடிகால்கள் உண்டு. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இறந்துவிடுகிறது. அங்கே நீர் கோக்கிறது. இறந்த செல்களை அகற்ற வெள்ளையணுக்கள் திரள்கின்றன. வேலை முடிந்ததும் இவை வெளியேற வேண்டும். தேங்கினால் அழற்சி நீடித்து, தழும்பு பெருகி, இதயம் விறைத்துப்போகும். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் பால் ரைலியும் அவர் குழுவினரும், மாரடைப்புக்கு உள்ளான சுண்டெலிகளுக்கு நிணநீர் நாளங்களை வளர்க்கும் புரதம் ஒன்றைக் கொடுத்தனர். புதிய நாளங்கள் பெருகின. இதயத்தின் இயக்கமும் மேம்பட்டது. மனிதருக்கு இது இன்னும் மருந்தாக வரவில்லை.

அதே 2015 டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் தத்தளித்தது. தண்ணீர் கொண்டுவரும் குழாயை மதிக்கும் நாம், வடிகாலை அது அடைபடும் நாளில்தான் நினைக்கிறோம். ஊருக்கும் இதயத்துக்கும் இது பொருந்தும். அடைப்பை நீக்கும் சிகிச்சை உயிரைக் காக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அத்துடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது சரியன்று. தேங்கியதை அகற்றும் வழிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் அதே ஊக்கம் தர வேண்டும் என்பதே என் கருத்து.

தாத்தாவின் இதயத்தில் என்ன குறை என்று சொல்ல நான் மருத்துவர் அல்லள். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத பழுதுபார்க்கும் வேலை உள்ளே நடக்கிறது என்பதை இப்போது அறிவேன். இப்பொழுதெல்லாம் அவரை நான் அவசரப்படுத்துவதில்லை. ஒவ்வொரு படியிலும் அவருடன் நின்று, மூச்சு வாங்கிய பின் அடுத்த படி ஏறுகிறேன். தோழியரே, உங்கள் வீட்டிலும் மாரடைப்பிலிருந்து மீண்டவர் இருந்தால், மருத்துவர் சொற்படி மருந்தைக் கொடுங்கள். கூடவே பொறுமையையும் கொடுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி