வேர் தேடுவோர்

பாட்டனின் பெயரை அறிந்தவர் பலர். பாட்டனுக்குப் பாட்டனின் பெயரை அறிந்தவரோ மிகச் சிலர். வழிவழியாக ஓரூரில் வாழும் குடும்பங்களின் நிலையே இதுவாயின், கடல் கடந்து சென்றோரின் வழித்தோன்றல்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளருள் முதற் கூட்டத்தினர் அதில் இருந்தனர். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் அவ்வாறு சென்றனர். அவருள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர். அவர்தம் வழிவந்தோர் பலர் இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். இது போற்றத்தக்க முயற்சியே. ஆயினும், பொறுமையும் நேர்மையும் இல்லார்க்கு இம்முயற்சி பயன் தாராது.

அக்காலக் கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியன அதனருகே குறிக்கப்பெற்றன. எழுத்தர் தம் செவியில் விழுந்தவாறே பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதினர். ஆதலின் முனுசாமி மூன்சாமியானார். ஊர்ப்பெயர்களும் அவ்வாறே திரிந்தன. மாவட்ட எல்லைகளும் பின்னர் மாறின. அன்று வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த சித்தூர், 1911இல் தனி மாவட்டமாயிற்று. இன்று அஃது ஆந்திரத்தில் உள்ளது. பழைய எல்லையை அறியாதவர் ஊரைத் தவறான இடத்தில் தேடி அலைவர்.

ஏடு கைவிட்ட இடத்தில் இடுகாடு துணை செய்வதுண்டு. சத்தியாக்கிரகப் போரில் உயிர் நீத்த நாகப்பன், வள்ளியம்மை ஆகியோரின் நினைவுக் கற்களை, 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜோகன்னஸ்பர்க் நகரில் காந்தியடிகள் திறந்து வைத்தார். தோட்டங்களில் மாண்ட எல்லோர்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. பலருடைய புதைகுழிகளைப் புல் மூடிவிட்டது.

கல் கிடைத்தாலும் ஐயம் தீர்ந்துவிடாது. 1885இல் கப்பலேறிய ஒருவர்க்கு வயது 22 என்று பட்டியல் கூறுவதாகவும், அதே பெயருடையவர் 1930இல் 70 வயதில் இறந்தார் என்று கல்லறை கூறுவதாகவும் கொள்க. பிறந்த ஆண்டு பட்டியலின்படி 1863, கல்லின்படி 1860. இருவரும் ஒருவரே எனத் துணிதல் தவறு. வேறானவர் எனத் தள்ளுதலும் தவறு. தம் வயதைத் திட்டமாக அறிந்தோர் அந்நாளில் சிலரே. தந்தை பெயரும் ஊரும் எண்ணும் ஒத்துவந்தாலன்றி முடிவு கூறலாகாது.

இவ்விடத்திலேதான் நேர்மைக்குச் சோதனை வருகின்றது. ஐயமான இடத்தை ஆசையால் நிரப்பி, தம் முன்னோரைச் சிற்றரசராகவும் பெருநிலக்கிழாராகவும் ஆக்கிக்கொள்வோர் உளர். குலப்பெருமை பேசுதற்கென்றே தேடுவோரும் உளர். அவர் தம் முன்னோரைக் கண்டவர் அல்லர், இழந்தவரே ஆவர். கொடுங்கடலைக் கடந்து, பிறர் நிலத்தில் உழைத்து, மக்களைப் பேணி வளர்த்த தொழிலாளியைவிடக் கற்பனைச் சிற்றரசன் எவ்வகையிற் சிறந்தவன்? 'இவர் இன்னவராக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை' என எழுதி வைத்தல் இழிவன்று, அதுவே மெய்யன்பு.

மாண்டவர் பெயரைத் தேடுவதால் வயிறு நிரம்புமோ எனச் சிலர் வினவுவர். நிரம்பாதுதான். ஆனால், வீரர்க்கு நடுகல் நாட்டிப் பெயர் பொறித்த தமிழர்க்கு அவ்வினா பொருந்துவதன்று. எண்ணால் அழைக்கப்பட்ட ஒருவர்க்கு அவர்தம் பெயரையும் ஊரையும் மீட்டுத் தருதல் நன்றிக்கடன் ஆகும்.

இதற்காகக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. இல்லத்து முதியோரிடம் இன்றே கேட்டு, அவர் கூறுவதைக் கூறியவாறே மாணவர் எழுதி வைத்தல் வேண்டும். பழம் பத்திரங்களைச் செல்லரிக்காமற் காத்தலும் வேண்டும். நாளை தேடுவோர்க்கு இன்று எழுதப்படும் உண்மையே வழித்துணையாகும்.