டேங்க்ல கோடு போடணுமா, பிரஷ் பிடிக்கிறவரைத் தேடுங்க

பழைய புல்லட்டை வாங்கி, புதுசா பெயிண்ட் அடிச்சு ஓட்டுற டவுன் தம்பிகளுக்கு ஒண்ணு சொல்லணும். டேங்க்ல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. கையால கோடு இழுக்கிற பெயிண்டரைத் தேடிப் போங்க.

திருவொற்றியூர் ஃபேக்டரியில செஞ்ச புல்லட் டேங்க்ல இருக்கிற தங்கக் கோடே பிரஷ்ஷால கையில இழுத்ததுதான். ஸ்டிக்கருக்கு ஓரம் உண்டு. வெயிலும் பெட்ரோலும் பட்டா அங்கதான் முதல்ல தூக்கும். பெயிண்ட் கோட்டுக்கு மேல கிளியர் கோட் அடிச்சுட்டா சீக்கிரம் அழியாது. கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் சரி பண்ணிக்கலாம்.

எழுத்தும் அப்படித்தான். டேங்க் வளைஞ்சிருக்கும். மெஷின்ல வெட்டின எழுத்து அந்த வளைவுல சுருங்கும். கையால எழுதுறவர் சாக்பீஸால குறிச்சுப் பார்த்து, வளைவுக்குத் தக்கபடி எழுத்தை அமைப்பார்.

எங்க பக்கம் லாரி, கடை போர்டு, சுவர்னு எல்லாம் எழுதின கைங்க இவை. ஃப்ளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பு போச்சு. இப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறாங்க. மாசம் நாலு வண்டி வந்தாத்தான் அடுத்த தலைமுறை அந்த பிரஷ்ஷைத் தொடும்.

பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு கூலியான்னு மட்டும் கேட்காதீங்க. ஏர் ஓட்டினவனுக்குத் தெரியும், சால் நேரா வர எத்தனை வருஷம் ஆகும்னு.