முக்காலே மூன்று வீசம்

‘கைப்பக்குவம்’ என்ற சொல்லை நான் பாராட்டாக ஏற்பதில்லை. ஒரு பெண் மனத்துக்குள் போடும் கணக்கைக் கைக்கு வாய்த்த வரமாக மாற்றி, அவள் அறிவுக்குத் தரவேண்டிய மதிப்பைத் தராமல் நழுவிக்கொள்ள உதவும் சொல் அது.

அடைக்கு ஊறப்போடுவதை எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு அரிசி ஒரு கப், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து கால். மொத்தம் இரண்டேகால் கப். “ராத்திரி மூன்று பேர் கூட வருகிறார்கள்” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போகிறார். இப்போது எல்லாமே ஒன்றே முக்கால் மடங்கு வேண்டும். அரிசி 1¾, பருப்புகள் தலா 7/8, உளுந்து 7/16. பகுதிகளைப் பதினாறாக்கிக் கூட்டினால் 28/16 + 14/16 + 14/16 + 7/16 = 63/16. அதாவது மூன்றே முக்காலே மூன்று வீசம். நான்கு கப்புக்கு ஒரு வீசம் குறைவு.

டப்பாவைத் திறக்கும் நேரத்துக்குள் அவள் இதை முடித்துவிடுகிறாள். உளுந்தை அரை கப்புக்குச் ‘சற்றுக் குறைய’ எடுக்கிறாள். அந்தச் ‘சற்று’தான் வீசம், பதினாறில் ஒரு பங்கு. எதில் வீசம் கூடினால் பாதகமில்லை, உப்பிலும் பெருங்காயத்திலும் ஏன் கூடக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். இதையே பொறியாளர் செய்தால் மதிப்பீடு. இவள் செய்தால் கண்ணளவு.

வீசமும் அரைக்காலும் முந்திரியும் எண்சுவடியில் இருந்தன. திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து அவற்றை மனனம் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். அதிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திண்ணையில் இடமில்லை. ஏட்டைத் தொடாத பெண்கள் ஆழாக்கை வைத்துக்கொண்டு அதே பின்னங்களைப் புழங்கினார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. 1956இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்து, கடையில் படி போய்க் கிலோ வந்தபோது, அடுக்களையின் பழைய அளவுகளைப் புதிய அளவுக்கு மாற்றிக்கொண்டவர்களும் அவர்களே. அதை யாரும் கல்வி என்று எழுதி வைக்கவில்லை.

கல்யாணச் சமையல்காரர் இதே கணக்கைச் சாமான் பட்டியலாக எழுதினால் அது தொழில். அதற்கு முன்பணம் உண்டு. வீட்டில் அது அன்பு. அன்புக்குக் கூலி கேட்கக் கூடாது. மூன்று வேளையும் பின்னம் கூட்டுகிற பெண்ணைப் பார்த்து, “பெண்களுக்குக் கணக்கு வராது” என்று சொல்ல இந்தச் சமூகத்துக்குக் கூச்சமும் இல்லை.

அடுக்களையைப் போற்றி நம்மை அங்கேயே நிறுத்திவைக்க நான் இதைச் சொல்லவில்லை. அங்கே நடப்பது அறிவுழைப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் அதைப் பங்கிடச் சொல்ல முடியும். வேலையில் முக்காலே மூன்று வீசத்தை நம் தலையில் வைத்துவிட்டு, மிச்ச வீசத்துக்கு ‘உதவி’ என்று பெயர் சூட்டிக்கொள்கிறவர்களிடம் கேட்க முடியும்.

தோழிகளே, அளவுகளை எழுதி வையுங்கள். மகனிடமும் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது கைப்பக்குவம் என்று புகழ்ந்தால், நன்றி சொல்லாதீர்கள். பென்சிலை நீட்டி, “ஏழு பேருக்கு உளுந்து எவ்வளவு?” என்று கேளுங்கள்.