ஒளி கொடுத்த மலைக்கு ஒரு மானி இல்லையா?

சூரியன் எவரிடமும் அனுமதி கேட்டு உதிப்பதில்லை. ஆனால் அவனுடைய ஒளியைத் தன் கூரைமேல் தாங்கி மின்சாரமாக்க விரும்பும் மலைநாட்டுத் தமிழன் எத்தனை மேசைகளின் முன்னே கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது! விண்ணப்பம், கூரைப் பரிசோதனை, மின்மாற்றியில் இடமுண்டா என்ற ஆய்வு, மதிப்பீட்டுக் கட்டணம், உடன்படிக்கை, ஈற்றில் மானி மாற்றம் என்று படிகள் நீளுகின்றன. படிகள் இருப்பதை நாம் குறைகூறவில்லை. மின்சாரம் விளையாட்டுப் பொருளன்று. குறித்த நாள் கடந்தபின் "ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்பவனுக்கு எழுத்திலே ஒரு விடை கிடைக்காதிருப்பதையே நாம் குறைகூறுகிறோம்.

ஹற்றனுக்கு அண்மையில் வாழும் ஆசிரியர் ஒருவர் தம் கோவையை எம்மிடம் கொண்டுவந்தார். வங்கியிலே கடன் பெற்று, தகடுகளையும் இன்வேர்ட்டரையும் பொருத்தி முடித்துவிட்டார். மானி மட்டும் வரவில்லை. ஐந்து மாதம் தகடுகள் மழையில் நனைந்தன, வெயிலிற் காய்ந்தன. கடன் தவணையோ ஒரு மாதமேனும் தவறாமல் வந்து நின்றது. ஒரு கிழமை "மானி கையிருப்பில் இல்லை, அடுத்த கிழமை வாங்க சேர்" என்றார்கள். மறுகிழமை "டிரான்ஸ்போமரை இன்னும் பார்க்கவில்லை" என்றார்கள். மூன்றாம் முறை ஒரு கடிதம் வந்தது. முழுவதும் சிங்களத்தில்! தமிழும் அரச கரும மொழியாகும் என்று பதின்மூன்றாம் திருத்தம் கூறியது 1987ஆம் ஆண்டில். அக்கடிதத்தைப் படித்துச் சொல்ல அயலவர் ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் அந்த ஆசிரியருக்கு.

இத்தனைக்கும் அவர் பாக்கியசாலி. அவரிடம் காணி உறுதி இருக்கிறது.

லயக் காம்பராவில் வாழும் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. குத்தகை 53 ஆண்டு, 2045 வரையில். அரசு உடைமையாளன், கம்பனி குத்தகையாளன். தலைமுறை தலைமுறையாக அக்கூரையின் கீழே பிறந்து இறக்கும் குடும்பத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர்? ஆகையால் கூரைமேல் நான்கு தகடு வைப்பதற்கும் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். வங்கியோ ஈட்டுக்கு உறுதி எங்கே என்கிறது.

நிர்வாகம் மறுத்தால் கேட்க வழியுண்டு. மறுப்பு ஒரு தீர்மானம். அதற்குக் காரணம் கேட்கலாம், மேன்முறையீடு செய்யலாம், நீதிமன்றம் செல்லலாம். மறுக்காமலே நாட்கடத்தினால் யாரை எதிர்த்து வழக்காடுவது? தாமதமென்பது கையொப்பமிடாத மறுப்பு. கையொப்பமில்லாத காரணத்தாலேயே அது மறுப்பினும் வலியது. சட்டத்தொழிலில் உள்ள அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மின்சாரத்துக்கும் இம்மலைகளுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. லக்சபானாவின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அது நிறைவேற 1950 ஆயிற்று. முப்பத்திரண்டு ஆண்டு! நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு இந்நாடு அவர் பெயரைச் சூட்டியது. பின்னர் காசல்ரீ வந்தது, மவுசாக்கலை வந்தது. மவுசாக்கலையின் நீருக்குள் பழைய மஸ்கெலியா நகரமே அமிழ்ந்தது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோவில் வெளியே தலைகாட்டுவதை இன்றும் மக்கள் சென்று பார்க்கிறார்கள். 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாற் மேல்கொத்மலை வந்தது. ஊரையும் தேயிலை நிலத்தையும் நீருக்குக் கொடுத்தவர்களின் லயங்களிலோ, லக்சபானாவின் கம்பிகள் தலைக்குமேலே கொழும்புக்குச் சென்று பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் குப்பி விளக்கே எரிந்தது. அன்று நீர் மின்சாரத்திற் கடைசியாக நின்றவர்களை, இன்று சூரிய மின்சாரத்திலும் கடைசியில் நிறுத்துவது நியாயமா?

2025 ஏப்பிரலில் இந்திய உதவியுடன் 25 மாவட்டங்களிலும் 5000 வழிபாட்டிடங்களின் கூரைகளுக்குச் சூரிய மின்தகடுகள் வழங்கும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் கோவிற் கூரைக்கு ஏறிய தகடு, கோவிலுக்கு அடுத்த லயத்தின் கூரைக்கு ஏற மட்டும் ஏன் இத்தனை கடிதம்?

பொறியியலாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது எமது வழக்கமன்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு, நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்றார் அமைச்சர். உலகமே சிரித்தது. ஆயினும் சிரிப்புக்கு அப்பால் ஓர் உண்மை இருந்தது: விடுமுறை நாளின் நண்பகலில் மின்சாரத் தேவை குறைந்து, கூரைகளிலிருந்து வரும் மின்சாரம் மிகுந்திருக்கையில், சிறு அதிர்ச்சியையும் மின்வலையமைப்புத் தாங்காது. அதே ஆண்டுப் புதுவருட விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மக்களைக் கேட்டதும் இதனாலேயே. சரி. அப்படியாயின் மின்கலத்துடன் வருபவனை, பகலிற் சேமித்து மாலை உச்ச வேளையிற் பயன்படுத்துபவனை, வரிசையில் முன்னே நிறுத்துங்கள். ஒரு லயத்து வீட்டின் இரண்டு கிலோவாற்றினால் நாடு இருண்டுவிடாது. ஒரு மின்மாற்றி தாங்கும் அளவுக்கு எல்லையுண்டு என்பதும் எமக்குத் தெரியும். அந்த எல்லையை நகரத்துப் பெரிய விடுதி ஒன்றே முதலில் நிரப்பிவிட்டால், பின்னால் வரும் சிறுவீட்டுக்காரனுக்கு "இடமில்லை" என்பதே விடையாகிறது. சிறியவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது எந்தப் பொறியியல் விதிக்கு விரோதம்?

தாமதத்துக்கு ஒரு விலையும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கூரை மின்சாரத்தின் ஓர் அலகுக்கு 2022இல் 37 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. 2025இல் ஐந்து கிலோவாற் வரையான சிறு அமைப்புக்கு அது 20 ரூபாய் 90 சதமாக இறங்கிற்று. உடன்படிக்கை செய்யும்போதுள்ள விலையே 20 ஆண்டுக்கு. ஆகவே விண்ணப்பத்துக்கும் உடன்படிக்கைக்கும் இடையில் விலை இறங்கினால், அலுவலகத்தின் தாமதத்துக்குக் குடும்பம் இருபது ஆண்டு தண்டம் கட்டுகிறது. முறையான விண்ணப்பம் ஒப்படைக்கப்பட்ட நாளின் விலையே செல்லும் என்று ஒரு வரி விதியில் இருந்தால் இந்த அநீதி தீரும். மின்சார சபையைப் பிரிக்க வழிசெய்த 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், விநியோகத்தை ஏற்கும் கம்பனிகளின் விதிகளிலே இந்த வரியை இப்பொழுதே எழுதுவிக்க வேண்டும். அத்துடன், தோட்ட நிர்வாகம் 30 நாளுக்குள் காரணம் காட்டி மறுக்காவிடில் சம்மதம் தந்ததாகவே கொள்ளப்படும் என்றும், வதிவுக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று போதும் என்றும் எழுதுவிக்க வேண்டும். நிலவுரிமை பிறகு வரட்டும். அது பெரிய வழக்கு, அதை நாம் விடப்போவதில்லை. மானிக்கு அதுவரை காத்திருக்க முடியாது.

கந்தப்பளையிலும் இராகலையிலும் கரட்டும் லீக்ஸும் பயிரிடும் விவசாய அன்பர்களுக்கு இடையில் ஒரு சொல். நீரிறைக்கும் பம்பியை மட்டும் சூரிய ஒளியில் ஓட்டுவதானால், அதனைப் பொது மின்கம்பியோடு இணைக்காத வரையில் மானிக்கும் உடன்படிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூடுபனி எமது மலைக்குப் புதிதல்ல. அதனால் உற்பத்தி குறையும். வெயில் வரும் நேரத்திலோ குளிர்ந்த தகடு சூடேறிய தகட்டிலும் நன்றாக வேலை செய்யும்.

மற்றவர்கள் வெறுங்கையுடன் அலுவலகம் போக வேண்டாம். விண்ணப்பத்தைக் கொடுத்தால் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடிதத்தைத் தமிழில் கேளுங்கள். அது சலுகையன்று, உரிமை. விடை வராவிடில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எனது கோவை எந்த மேசையில், எத்திகதியிலிருந்து இருக்கிறது?" என்று எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானித்தாக வேண்டும். நாம் குறிப்பிட்ட ஆசிரியர் இவ்விதமே கேட்டார். விடை வருவதற்கு முன்பே மானி வந்துவிட்டது! அதிலும் பயனில்லையாயின் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

தனித்தனியே போனால் தனித்தனியே திருப்பி அனுப்புவார்கள். ஆகையால் ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா அன்பர்கள் மூன்று மாதத்துக்கு மேலாகக் காத்திருக்கும் விண்ணப்பங்களின் பிரதிகளை இப்பத்திரிகையின் முகவரிக்கு அனுப்புவார்களாக. அவற்றை ஒரே கோவையாகத் தொகுத்து ஆணைக்குழுவின் முன் வைக்க இருக்கிறோம். ஒப்படைத்த திகதி தெளிவாகத் தெரியும்படி பிரதி எடுக்கவும். மூலப் பத்திரங்களை அனுப்ப வேண்டாம்.