ஆண்டுக் கணக்கும் வால்காக்கையும்

டிசம்பர் பிறந்ததும் நம் நண்பர்கள் வட்டத்தில் ஒரு சடங்கு தொடங்கிவிடுகிறது. 'இந்த ஆண்டு நான்' என்று தொடங்கும் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. ஜனவரியில் மாடித்தோட்டம், மே மாதத்தில் கித்தார், ஆகஸ்டில் மலையேற்றம், நவம்பரில் மண்பாண்டம். ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம், ஒரு பாடம். கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு சொல்: 'வளர்ந்திருக்கிறேன்.' அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

பிறரைக் குறை சொல்லுமுன் என் கணக்கை வைத்துவிடுவதே முறை. கடந்த ஆண்டில் நானும் நான்கு பொழுதுபோக்குகளை மாற்றினேன். பொங்கல் விடுமுறையில் இருநோக்கி வாங்கிக்கொண்டு பறவை பார்க்க அமிர்திக்குப் போனேன். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடிவாரக் காட்டில் இருக்கிறது அமிர்தி. 1967-இல் தொடங்கப்பட்ட சிறு விலங்கியல் பூங்கா, மழைக்காலத்தில் உயிர்பெறும் அருவி, அதற்கப்பால் காடு. நான்கு ஞாயிறுகளில் என் குறிப்பேட்டில் 63 பறவைகளின் பெயர்கள் சேர்ந்தன. ஏப்ரலில் பறவைகள் போய் நட்சத்திரங்கள் வந்தன. ஜூலையில் புல்லாங்குழல். அக்டோபரில் நெடுவோட்டம், அதற்கென்று தனிக் காலணி.

டிசம்பரில் ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். தலைப்புகூடத் தயார். அதற்கு முந்தின ஞாயிறு, ஓட்டப் பயிற்சிக்காக அமிர்திச் சாலையில் போய்க்கொண்டிருந்தவன், ஒரு தேநீர்க் கடையில் மூச்சு வாங்க நின்றேன். பின்னாலிருந்த மரத்தில் ஒரு குரல். முதலில் கரகரப்பு, பிறகு அதே தொண்டையிலிருந்து மணியடித்தாற்போல் ஓர் இனிமை. என்ன பறவை என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்கார அம்மாள் டம்ளரைக் கழுவியபடியே சொன்னார்: "வால்காக்கா சார் அது. கொரல மாத்தி மாத்திப் போடும். போன பொங்கலுக்கு நீங்கதான பேர எழுதிக்கிட்டுப் போனீங்க?"

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். 17-ஆவது பெயர் வால்காக்கை. எதிரே என் கையால் போட்ட சரிக்குறி. அவ்வளவுதான் என் வளர்ச்சி. பெயர் என்னிடம் இருந்தது. பறவை அந்த அம்மாளிடம் இருந்தது.

சிக்கல் பொழுதுபோக்கில் இல்லை, அதை மதிப்பெண் பட்டியலாக்கும் மனத்தில் இருக்கிறது. அந்த மனத்தை உருவாக்குவதில் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு மாணவர்கள் நிரப்பும் தன்விவரப் படிவத்தில் 'பொழுதுபோக்குகள்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி. அம்மாவும் அக்காவும் ஷூ கம்பெனியில். கல்லூரி முடிந்து வீட்டுக்குப் போனால் சமையல் அவளுடையது. "ஐயா, எனக்குப் போக்குறதுக்குப் பொழுதே இல்ல, என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள். 'வாசிப்பு என்று எழுதம்மா' என்றேன். அவள் எழுதினாள். ஓய்வில்லாத ஒரு பெண்ணுக்கு, ஓய்வு இருப்பதாகப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததற்கு எனக்குச் சம்பளம்.

என் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். விரல் நகங்கள் கடைசிவரை தேறவே இல்லை. பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்குப் போய்விடுவார். வேடம் கட்டியதில்லை, பின்பாட்டும் தாளமும். முப்பது ஆண்டுகள் அதே கதை, அதே அடவு, அதே தாளம். அதைப் பொழுதுபோக்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வளர்ந்தேன் என்றும் சொன்னதில்லை. "போன வருசத்த விட இந்த வருசம் பதினெட்டாம் போரு எடுப்பா இருந்திச்சி" என்பார். வளர்ந்தது கூத்து. தன்னைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பது தேக்கமல்லவா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆர்வங்கள் பலவாக இருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். தமிழ்த் திரைப்பட வரலாறு, காட்டுயிர் என இரு திசைகளில் போனார். இரண்டிலும் நூல்கள் தந்தார். இரண்டிலும் அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் போட்ட பாதையில் நடக்கிறார்கள். மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் ஓவியர், புகைப்படக்காரர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஆனால் 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை எழுதினார். 46 ஆண்டுகள். அணிலையும் காக்கையையும் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியும் அவருக்கு அலுக்கவில்லை.

நான் ஏப்ரலில் அண்ணாந்து பார்த்த வானம் இதே சவ்வாது மலையின் காவலூருக்கும் மேலேதான் இருக்கிறது. வைணு பாப்பு அங்கே 1968-இல் 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கினார். அவர் கனவு கண்ட 93 அங்குலத் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியபோது அவர் இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். அவரது ஆண்டுக் கணக்கில் அந்தத் தொலைநோக்கி வரவே வராது. அதனால் அது அவருடையது இல்லை என்றாகிவிடுமா? தொழில்முறை விஞ்ஞானியை ஞாயிற்றுக்கிழமை ஆர்வலனோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நான் ஒப்பிடுவது சாதனையை அல்ல, முகம் திரும்பியிருக்கும் திசையை. அவர் வானத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்க்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கேள்வியை மாற்றிப் போட வேண்டும் என்கிறேன். 'இந்த ஆண்டு நான் எவ்வளவு வளர்ந்தேன்' என்பது தேர்வறைக் கேள்வி. நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: எதற்குக் கடன்பட்டேன்? அதில் எவ்வளவு திருப்பித் தந்தேன்? புல்லாங்குழலை மூன்றே மாதத்தில் மூலையில் வைத்தவன், கற்றுக்கொடுத்தவரின் மூன்று மாத மாலைகளுக்குக் கடனாளி. அமிர்திக் காட்டில் 63 பெயர்களை அள்ளிக்கொண்டு வந்தவன் அந்தக் காட்டுக்குக் கடனாளி. நான்கையும் கூட்டினால் வருவது வளர்ச்சி அல்ல, நிலுவை.

எளிய வழிகள் இல்லாமலில்லை. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அவரவர் ஊரில், அவரவர் ஏரிக்கரையில், கால்மணி நேரம் நின்று எண்ணினாலும் போதும். மறு ஆண்டும் அதே கரையில் போய் நிற்பவருக்குத்தான் அந்த எண்ணிக்கை பேசத் தொடங்கும்: எது குறைந்தது, எது வரவே இல்லை என்று. எண்ணியவரின் ஆளுமை வளர்ந்ததா என்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டமும் கிடையாது.

நான் ஆண்டறிக்கையை எழுதவில்லை. ஓட்டக் காலணியை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். புல்லாங்குழல் ஆசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் துணிவு வரவில்லை. அந்த மாணவி இந்தப் பருவத்தோடு படிப்பை முடிக்கிறாள். மறுபடி படிவம் நிரப்ப வந்தால், அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்வேன். யாரேனும் காரணம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவளல்ல, நான்.